அந்த ‘ஆனால்’

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கொஞ்சம் கறுப்புதான், ஆனால் நல்ல களையான முகம். பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் ராணி வேடம் கேட்டிருக்கிறாள். முழு வசனத்தையும் தாளைப் பார்க்காமல் பேசிக் காட்டியும், ஆசிரியை அவளுக்குப் போயும் போயும் வேலைக்காரி வேடம் கொடுத்துவிட்டார். ராணியாக நடிக்கப்போவது திக்கித் திக்கிப் பேசுகிற ஒரு சிவப்பான பெண். எனக்கு ஆறவில்லை. மகளோ, “சீரியலிலும் அப்படித்தானே அம்மா” என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். ஒரு வாரமாக என் நாத்தனாரின் க்ரீமை எடுத்துத் திருட்டுத்தனமாகப் பூசுகிறாள். நான் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். வீடு திரும்ப ஏழரை ஆகிவிடும். மாமியார் மாலை ஆறரையிலிருந்து பத்து மணி வரை தொடர் பார்ப்பார், மகளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். கேபிள் இணைப்பைத் துண்டித்துவிடலாமா? அம்மாவின் மனம் நோகும் என்கிறார் கணவர்.
– எஸ்., விருதுநகர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கேபிள் இருக்கட்டும். முதலில் அந்த க்ரீமைத் தேடி எடுங்கள். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, யார் தயாரித்தது, மருத்துவர் சீட்டுக்கு மட்டும் விற்கக்கூடிய மருந்தா என்று பாருங்கள். பேரே தெரியாத டப்பா என்றாலும், ஸ்டீராய்டு கலந்தது என்றாலும் இன்றோடு நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு பூசினால் முதல் சில நாள் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பருவாக வெடிக்கும். 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகக் கோளாறோடு மருத்துவமனைக்கு வந்த சிலர், வெளுப்பாக்கும் க்ரீம் பூசியவர்கள் என்று தெரிய வந்தது. சில க்ரீம்களில் பாதரசம் இருந்தது. உங்கள் நாத்தனாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனித் தொடர் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் ஒன்றும் சுத்தமான கை இல்லை. பல வருடங்களுக்கு முன்பு ஒரு தொடருக்கு வசனம் எழுதியிருக்கிறேன். கதைப்படி நாயகி கறுப்பு. தேர்வுக்கு வந்த பெண்களில் நாலைந்து பேர் இயல்பாகவே நல்ல கறுப்பு. அவர்களில் ஒருத்தி அழுகைக் காட்சியை நடித்துக் காட்டியபோது, கேபிள் சுற்றிக்கொண்டிருந்த லைட்மேன்கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஆனால் மறுநாள் ஒப்பந்தம் செய்யப்பட்டவர் வெளியூரிலிருந்து வந்த, சோளமாவு போல வெளுத்த ஒரு பெண். அவருக்குத் தமிழ் வராது, குரல் இன்னொருவருடையது. ஆக நிறமும் இரவல், குரலும் இரவல்.

தினமும் காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவருக்குக் கறுப்புப் பூசுவார்கள். மத்தியானத்துக்கு மேல் வியர்வையில் காதுமடல் ஓரம் வெளுத்துத் தெரியும். மாமனாருக்குக் காபி நீட்டுகிற காட்சியில் முகம் ஒரு நிறம், விரல்கள் வேறு நிறம். ஏன் இந்தப் பாடு என்று தயாரிப்புத் தரப்பில் கேட்டேன். “கதையில் அவள் பெரிய வீட்டு மருமகளாகி, கையில் காசு வந்த பிறகு மேக்கப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் அம்மா. பிறவியிலேயே கறுப்பாக இருந்தால் என்ன செய்வது?” என்று பதில் வந்தது. அப்படியே குறைத்தார்கள். இருநூறு எபிசோடுக்குள் அவள் மாநிறமானாள். வீட்டுக்கு எவ்வளவு வருமானம் வருகிறது என்பதை அவள் கன்னத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

எங்கள் தொடர் பெரிதாக ஓடவில்லை. ஓடியவற்றுக்கு வருகிறேன். 2005இல் ஜீ டிவியில் வந்த ‘சாத் பேரே’ என்ற இந்தித் தொடரின் நாயகி சலோனி கறுப்பான பெண், நன்றாகப் பாடுவாள். 2009இல் கலர்ஸில் வந்த ‘லாகி துஜ்சே லகன்’ இன்னும் விசித்திரம். மகளின் அழகு ரவுடிகளின் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று தாயே அவள் முகத்தில் கறுப்பைப் பூசி வைத்திருப்பாள். அதாவது அங்கே கறுப்பு ஒரு அழுக்கு, கழுவினால் உள்ளே சிவப்பு இருக்கும். 2014இல் ஏசியாநெட்டில் ‘கருத்தமுத்து’ என்ற மலையாளத் தொடர் வந்தது. அந்த ஒரே கதை தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் போய், 2019இல் விஜய் டிவியில் ‘பாரதி கண்ணம்மா’வாகி, மராத்திக்கும் இந்திக்கும் போனது. ஆறு மொழிகள்! தெலுங்கில் அந்த நாயகிக்கு ஊரே வைத்த பெயர் ‘வண்டலக்கா’, அதாவது சமையல்கார அக்கா. மலையாளத்திலும் தெலுங்கிலும் அவளாக நடித்த பிரேமி விஸ்வநாத்துக்கு நிறத்தைக் கூட்டிக் கறுப்பாக்கித்தான் காட்டினார்கள்.

உங்கள் மாமியாருக்குக் கதை தலைகீழ்ப் பாடமாக இருக்கும். கண்ணம்மா கறுப்பு, ஏழை. கணவன் பாரதி டாக்டர். மாமியார் சௌந்தர்யாவுக்குக் கறுப்பைக் கண்டாலே ஆகாது. சூழ்ச்சி செய்கிற வெண்பாவும் டாக்டர்தான், அவள் பெயரிலேயே வெள்ளை இருக்கிறது. கணவன் சந்தேகப்பட்டதும் வயிற்றில் குழந்தையோடு, தோளில் பையோடு கண்ணம்மா வீட்டை விட்டு வெளியேறி நடந்தாள், நடந்தாள், நாள் கணக்கில் நடந்தாள். தமிழ்நாடே அதைக் கேலிப்படம் போட்டுச் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. குற்றம் சாட்டியவன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான், சாட்டப்பட்டவள் கால் தேய நடக்கிறாள், நம் சிரிப்போ நடக்கிறவளைப் பார்த்து.

இந்தத் தொடர்கள் கறுப்பை இழிவு செய்வதாக யாரும் சொல்லிவிட முடியாது. கறுப்புப் பெண்ணுக்காகப் பரிந்து பேசுவதாகத்தான் அவை சொல்லிக்கொள்ளும். அந்தப் பரிவில்தான் எனக்குச் சண்டை. சிவப்பான நாயகி வெறுமனே நாயகியாக இருந்துவிட்டுப் போகலாம். கறுப்பானவள் பாட வேண்டும், சமைக்க வேண்டும், பொறுக்க வேண்டும், கடைசியில் தன்னைத் துரத்தியவர்களையே காப்பாற்ற வேண்டும். எல்லாம் நிறத்துக்குக் கட்டுகிற வட்டி. நான் எழுதிய வசனம் ஒன்று இன்னும் ஞாபகம் இருக்கிறது: “நிறம் கறுப்பாக இருந்தாலும் என் மருமகளின் மனம் தங்கம்.” அந்த வரிக்குப் படப்பிடிப்பிலேயே கைதட்டினார்கள்.

அந்த ‘இருந்தாலும்’தான் உங்கள் கடிதத்தில் ‘ஆனால்’ ஆகியிருக்கிறது. “கொஞ்சம் கறுப்புதான், ஆனால் நல்ல களையான முகம்.” நீங்கள் ஆசையாகத்தான் எழுதினீர்கள். உங்கள் மகள் அதைப் பதிமூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். விருந்துக்கு வந்தவர்களிடம், ஜவுளிக்கடைக்காரரிடம், புகைப்படம் எடுப்பவரிடம். இனிமேல் “நல்ல களையான முகம்” என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். வாக்கியம் ஒன்றும் விழுந்துவிடாது. ஆறுதலுக்காகக் கண்ணன் கறுப்பு, காளி கறுப்பு என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அவள் கோவில் கேட்கவில்லை, ராணி வேடம் கேட்டாள்.

இன்னொரு வார்த்தையும் கடிதத்தில் உறுத்துகிறது. “போயும் போயும் வேலைக்காரி வேடம்.” நிறத்தைப் பார்த்து வேடம் கொடுத்தது அநியாயம், அதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் உங்கள் கோபத்தில் பாதி நிறத்துக்காக என்றால், மீதி அந்த வேடத்துக்காக. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க யாராவது வருகிறார்களா? அவர்கள் காதில் இந்தப் பேச்சு விழுந்திருக்குமா? அவர்களுக்கும் பள்ளிக்கூடம் போகிற பெண் இருக்கலாம்.

எங்கள் தொடரில் ஒரு வேலைக்காரி உண்டு. முந்நூறு எபிசோடுக்கு மேல் காபித் தட்டோடு வந்து போனார். சீன் பேப்பரில் ‘வேலைக்காரி’ என்றுதான் இருக்கும். ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் என்னிடம் வந்து, “எனக்கு ஒரு பெயர் வைத்துவிடுங்கள் அம்மா, என்னவாக நடிக்கிறாய் என்று ஊரில் கேட்கிறார்கள்” என்றார். அன்றைக்கே நாயகி வாயில் “செல்வி, தண்ணீர் கொண்டு வா” என்று ஒரு வரி சேர்த்தேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அடுத்த மாதம் வேறு ஒருவர் எழுதிய காட்சியில் மறுபடியும் வேலைக்காரி ஆகிவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. முதலாளி வீட்டு நாய்க்குக் கடைசி வரை ஒரே பெயர்தான்.

கேபிளைத் துண்டித்தால் மாமியார் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார், மகள் போனில் பார்ப்பாள், நீங்கள் வில்லியாவீர்கள். ஏற்கெனவே வேலைக்குப் போகிற, லிப்ஸ்டிக் போடுகிற, ஆங்கிலம் பேசுகிற பெண்களுக்கு இந்தத் தொடர்களில் அந்த வேலையைத்தான் அதிகம் கொடுக்கிறார்கள். நீங்கள் வேறு ஏன் ஆள் சேர்க்க வேண்டும்?

பார்க்கிறவர்களும் நாம் நினைக்கிற மாதிரி அப்படியே விழுங்குகிறவர்கள் இல்லை. 1984இல் தூர்தர்ஷனில் ‘ஹம் லோக்’ தொடங்கியபோது, அதில் வந்த பாகவந்தி என்ற அம்மாவை ‘இப்படி அடங்கிப் போகாதீர்கள்’ என்று சொல்வதற்காகவே படைத்தார்கள். பார்த்த பெண்களில் பலர் அவளையே உத்தமியாகக் கொண்டாடினார்கள். ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரன் வீட்டு மருமகள்களை மிரட்டிய “இந்தாம்மா ஏய்” என்ன ஆயிற்று? வெறுக்க வேண்டிய ஆளின் வசனத்தை வீட்டுக்கு வீடு ரசித்துச் சொன்னார்கள். மறைந்த மாரிமுத்துவின் நடிப்பு அப்படி. எழுதுகிறவர் ஒன்று நினைக்க, பார்க்கிறவர் வேறொன்றை எடுத்துக்கொள்கிறார். இது நமக்குச் சாதகமாகவும் திரும்பக்கூடிய விஷயம்.

ஆகவே, வாரத்தில் இரண்டு நாளாவது கைகால் கழுவிவிட்டு அவர்களோடு உட்காருங்கள். விமர்சனம் செய்யப் போகாதீர்கள், மாமியார் எழுந்து போய்விடுவார். கேள்வி மட்டும் கேளுங்கள். இந்தக் காபி கொண்டு வருகிறவர் பெயர் என்ன அத்தை? இவள் முகத்துக்கும் கைக்கும் ஏன் நிறம் ஒட்டவில்லை? உங்கள் மகளுக்கு இது விளையாட்டாகிவிடும். பதிமூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் குற்றம் கண்டுபிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. விளம்பரம் வரும்போது மாமியாரிடம், “உங்களைப் பெண் பார்க்க வந்தபோது என்ன சொன்னார்கள்?” என்று கேளுங்கள். அந்தத் தலைமுறையில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது கேட்காமல் மணையில் உட்கார்ந்த பெண் அபூர்வம். பேத்தி பக்கத்தில் இருக்கட்டும்.

விளம்பரம் என்றதும் ஒன்று. 1975இல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’, 2020இல் பெயரிலிருந்து ‘ஃபேர்’ஐ எடுத்துவிட்டு ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது. அதற்கு முன்பே, 2014இல், விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஏஎஸ்சிஐ, கறுப்பாக இருப்பவர்கள் கல்யாணத்திலோ வேலையிலோ தோற்றவர்கள் போலவும் சோகமானவர்கள் போலவும் காட்டக் கூடாது என்று க்ரீம் விளம்பரங்களுக்கு விதி போட்டது. முப்பது விநாடி விளம்பரத்தில் கூடாத அதே விஷயம், அதற்கு முன்னும் பின்னும் வருகிற அரைமணி நேரத் தொடரில் ஆயிரம் எபிசோடு ஓடலாம். ஒரு காட்சி உண்மையிலேயே வரம்பு மீறினால், நாளும் நேரமும் குறித்து அந்தச் சேனலுக்கே புகார் எழுதுங்கள். 2021இல் திருத்திய கேபிள் டிவி விதிகளின்படி அவர்கள் 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் பிசிசிசி என்ற புகார்க் குழுவுக்குப் போகலாம்.

ஆசிரியையைப் பார்க்கப் போங்கள். சண்டைக்கு அல்ல. “ராணி வேடத்துக்கு எதைப் பார்த்துத் தேர்வு செய்தீர்கள்?” என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் நில்லுங்கள். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. ராணி என்றால் இப்படி என்று அவருக்கும் யாரோ காட்டியிருக்கிறார்கள். மறுதேர்வு வைத்தால் நல்லது. வைக்காவிட்டால், நடிப்பதா வேண்டாமா என்பதை மகள் முடிவு செய்யட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

நடிக்கிறேன் என்றால், அந்த நாடகத்தில் வேலைக்காரிக்குப் பெயர் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவளே ஒன்று வைத்து, ராணியின் வசனத்தில் அதை ஒருமுறையாவது சேர்க்கும்படி ஆசிரியையிடம் கேட்கட்டும். என்ன பெயர் வைத்தாள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.