பழைய நாவல்களைப் படித்தால் புதிய சொற்கள் எப்படி மனதில் நிற்கின்றன?

தெரியாத ஒரு சொல்லின் பொருளை அதைச் சுற்றியுள்ள வாக்கியங்களிலிருந்து ஊகித்துக்கொள்வதைத்தான் சூழலிலிருந்து பொருள் உணர்தல் என்கிறோம். நாவல் வாசிப்பில் சொல்வளம் பெருகுவது பெரும்பாலும் இப்படித்தான்.

1950இல் தொடராக வரத் தொடங்கிய கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் பாருங்கள். 'மூடுபல்லக்கு' என்றால் என்ன என்று யாரும் வரையறுக்க வேண்டியதில்லை. வந்தியத்தேவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பல்லக்கின் திரை சற்று விலகி, உள்ளிருந்து ஒரு பெண்ணின் கை தெரிகிறது. அந்தக் காட்சியோடு சொல்லும் ஒட்டிக்கொள்கிறது. 'வேளக்காரப் படை'யும் அப்படியே: அரசரின் உயிரைக் காக்கச் சபதமேற்ற வீரர்கள் என்பது கதைப்போக்கிலேயே தெளிவாகிவிடும்.

தனிச்சொல்லைப் பட்டியலில் மனப்பாடம் செய்தால் அதைப் பிடித்துக்கொள்ள மனதில் வேறெதுவும் இருக்காது. கதையிலோ ஆள், இடம், பரபரப்பு எல்லாம் கூடவே வருகின்றன. அதே சொல் வேறு வேறு சூழலில் திரும்பவும் வருகிறது. குடிபோன புதுத் தெருவில் முகங்கள் பழகுவதும் இப்படித்தானே? யாரும் அறிமுகப்படுத்தாமலே, நாலைந்து முறை பார்த்ததில் இன்னார் என்று தெரிந்துவிடுகிறது.

சில சொற்கள் ஊகத்துக்குப் பிடிபடாது. அவை 'க்ரியா' போன்ற தற்காலத் தமிழ் அகராதியில் இல்லாவிட்டால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் தேடுங்கள். பழஞ்சொற்களுக்கு அதுவே என் முதல் பரிந்துரை.

ஒவ்வொரு புதுச்சொல்லுக்கும் நிறுத்தி அகராதியைப் புரட்டியே தீர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தேவையில்லை, கதையின் ஓட்டத்தைத் தடுக்கும் சொல்லை மட்டும் பார்த்தால் போதும்.