கல்லூரிக்குப் போகும்போது குதிரைகளை என்ன செய்வது?

தம்பி, சென்னையில் கல்லூரி, வீட்டில் இரண்டு பெண்குதிரைகள், ஆடியில் அந்தியூர் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவிடலாம் என்கிறார் அப்பா என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஆறு வயதுக்காரிக்குச் சரி, நல்ல கை கிடைக்கும். இருபது வயதுக்காரியை மட்டும் வண்டி ஏற்றாதீர்கள். பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைக் கண்டுபிடித்ததுமே விலை விழுந்துவிடும். அப்புறம் கல்யாண ஊர்வலம், கடற்கரைச் சவாரி என்று கைமாறிக்கொண்டே இருப்பாள். குதிரை 25, 30 வருடம்கூட வாழும், அப்பாவிடம் சொல்லுங்கள்.

பக்கத்தில் தெரிந்த தோட்டத்துக்காரர் யாரிடமாவது பராமரிப்புக்கு விடலாம். தீவனம், லாடம், மருத்துவச் செலவு யாருடையது, விற்பதானால் முதலில் உங்களைத்தான் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி நான் 18 வயதில் என் குதிரையை விட்டுவிட்டுப் போனேன். பொங்கலுக்கு வந்தபோது லாயம் காலி.

இன்னொன்று, இப்போது தின்கிற கொள்ளையும் புல்லையும் பத்து நாளுக்காவது கூடவே அனுப்பி, புதுத் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கச் சொல்லுங்கள். திடீரென்று மாற்றினால் வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது. முன்காலால் தரையைப் பிறாண்டி, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.