உதவி, தேடல், முப்பரிமாணக் காட்சி மூன்றும் உள்ள மென்பொருளுக்கு இடைமுகம் வடிவமைக்கும்போது எதிலிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் வீட்டு உள் அலங்காரத்துக்கு ஒரு முப்பரிமாண மென்பொருள் செய்கிறாராம். உதவிப் பகுதி, தேடல் பெட்டி, அறையைச் சுற்றிப் பார்க்கும் வசதி மூன்றையும் மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறார். எனக்கு அந்தப் பிரிப்பில்தான் கவலை. மென்பொருளுக்குள் வழி தெரியாமல் நிற்பவருக்கு இந்த மூன்றும் ஒரே வேலை: நான் எங்கே இருக்கிறேன், இங்கிருந்து எப்படிப் போவது?

நான் சேலத்துக்காரன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்காக எங்கள் சின்னக் குழு ஒரு மென்பொருள் செய்தது. வியாபாரி கேட்கிற மாடலைத் திரையில் திருப்பிக் காட்டலாம், சலங்கையைக் கூட்டிக் குறைக்கலாம், எடை எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே பார்க்கலாம். முதல் பதிப்பை எடுத்துக்கொண்டு, முப்பது வருடமாகக் கொலுசு செய்கிற ஒருவரிடம் போனேன்.

மவுசைப் பிடித்து இழுத்தார். கொலுசு திரும்பியது. இன்னும் கொஞ்சம் இழுத்தார், தலைகீழாகிவிட்டது. சக்கரத்தை உருட்டினார். பெரிதாகிக்கொண்டே வந்து, காமிரா வெள்ளிக்குள்ளேயே புகுந்து, திரை முழுக்கச் சாம்பல் நிறம். "காணாமப் போச்சுங்க தம்பி" என்று கையை எடுத்துவிட்டார். உதவிப் பொத்தான் வலது மூலையில்தான் இருந்தது. அவர் கண் அந்தப் பக்கமே போகவில்லை. மேசையில் கிடந்த நிஜக் கொலுசை எடுத்து, "இப்படிப் பார்க்கணும்" என்று காட்டினார். இடது கை விரல்கள் கொக்கியைப் பிடித்திருந்தன. வலது கை மட்டும் வரிசையை நீவி நீவித் திருப்பியது. கொக்கி அசையவே இல்லை.

நாங்கள் செய்த தவறு எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் கையில் ஒரு புள்ளி நிலையாக இருக்கிறது, மீதி தொங்குகிறது. அதனால் மேல் எது, கீழ் எது என்ற சந்தேகமே அவருக்கு வராது. நாங்கள் கொடுத்திருந்ததோ ஆர்க்பால், அதாவது கணினி வரைகலை ஆய்வாளர் கென் ஷூமேக் 1992-ல் விவரித்த சுழற்றும் முறை. பொருளை ஒரு கண்ணாடிப் பந்துக்குள் வைத்து எந்தத் திசையிலும் உருட்டுவது மாதிரி. பழகியவர் கைக்கு அருமையான முறை, ஆனால் மேல்-கீழ் நிலைக்காது. இப்போது குயவர் சக்கரம் மாதிரி செங்குத்து அச்சு மாறாமல் சுழலும் டர்ன்டேபிள் முறைக்கு வந்துவிட்டோம். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளிலும் இதுதான் இயல்பாக வரும். பயனர் எந்த இடத்தில் சொடுக்கினாரோ அதையே மையமாக வைத்துச் சுழலும்படியும், காமிரா பொருளுக்குள் நுழையவே முடியாதபடியும் செய்தோம்.

ஏற்காட்டுக்குப் போகிற சாலையை நினைத்துப் பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. பனி இறங்கிவிட்டால் எதிரே வருகிற பஸ்ஸின் விளக்கு மட்டும்தான் தெரியும். அப்போதும் "எங்க வர்றீங்க?" என்று போனில் கேட்டால், "பதினாலாவது வளைவு" என்று சொன்னால் போதும். எவ்வளவு ஏறியாச்சு, இன்னும் எவ்வளவு இருக்கு, எல்லாம் அந்த ஒரு எண்ணில் இருக்கிறது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் செய்தியிலும் எந்த வளைவுக்குப் பக்கத்தில் என்றுதான் சொல்வார்கள்.

அந்த எண்ணும் இல்லாமல் பனியில் நிற்பது எப்படி இருக்கும்? சூசன் ஜூல், ஜார்ஜ் ஃபர்னஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1998-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அந்த நிலைக்குப் 'பாலைவன மூடுபனி' என்று பொருள்படும்படி பெயர் வைத்தார்கள். திரையில் எந்தப் பக்கம் போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு தடயமும் இல்லாத நிலை. எங்கள் சாம்பல் திரை அதுவேதான். இப்போது கொலுசு பார்வையைவிட்டு வெளியே போனால், அது இருக்கும் திசையில் திரை ஓரமாக ஒரு சின்ன அம்பு வரும்.

வடிவமைப்பு மென்பொருள் செய்கிற ஆட்டோடெஸ்க் காரர்கள் 2008-ல் வியூகியூப் பற்றி எழுதினார்கள். மூலையில் ஒரு சின்னக் கனசதுரம், அதன் பக்கங்களில் முன், மேல், இடது என்று எழுதியிருக்கும். நல்ல யோசனை, ஆனால் கொலுசுக்கு எது முன், எது இடது? நாங்கள் 'கொக்கிப் பக்கம்', 'சலங்கைப் பக்கம்' என்று வைத்தோம். உங்கள் அறைக்கு 'வாசல் பக்கம்', 'ஜன்னல் பக்கம்' என்று வையுங்கள். பக்கம் மாறும்போது காட்சி சட்டென்று தாவாமல் நகர்ந்து போகட்டும்.

அப்புறம் தேடல். அதே ஃபர்னஸ் 1987-லேயே, தன் சக ஆய்வாளர்களோடு, இன்னொரு விஷயம் சொல்லியிருக்கிறார். ஒரே பொருளுக்கு இரண்டு பேர் தாமாகவே ஒரே சொல்லைச் சொல்லும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவு. எங்கள் பட்டியலில் 'மணி' என்றிருந்ததை ஆட்கள் சலங்கை என்றும் கெஜ்ஜை என்றும் முத்து என்றும் தேடினார்கள். சரியான சொல் எது என்று சண்டை போடாதீர்கள், எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள்.

தமிழில் இன்னொரு பொறி இருக்கிறது, இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று நாள் ஆனது. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை, கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றேதான். கணினிக்கு வேறு வேறு. கொலுசு விற்கிறவர் மென்பொருளில் 'கொலுசு' என்று தேடினால் ஒன்றுமே வராது! சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்தை என்.எஃப்.சி. வடிவத்துக்கு, அதாவது இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்துவிடும் யூனிகோடின் வடிவத்துக்கு, மாற்றிவிடுங்கள், தீர்ந்தது. 'கொலுசை', 'கொலுசுக்கு' என்று வேற்றுமை உருபோடு வருவதையும், ல-ள-ழ, ர-ற மாறி வருவதையும் பொறுத்துப்போக வேண்டும்.

உதவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐ.பி.எம்.மில் ஆய்வாளராக இருந்த ஜான் கேரல் 1980-களிலேயே கவனித்துவிட்டார்: யாரும் கையேட்டைப் படித்துவிட்டு ஆரம்பிப்பதில்லை, நேராக வேலையில் இறங்குகிறார்கள், சிக்கிய பிறகுதான் தேடுகிறார்கள். அதனால் நாங்கள் உதவித் தலைப்புகளை உட்கார்ந்து யோசிப்பதை விட்டுவிட்டோம். தேடல் பெட்டியில் என்ன அடித்து ஒன்றும் கிடைக்காமல் போனது என்ற பதிவை வாரம் ஒருமுறை எடுத்துப் பார்ப்போம். அதுவே தலைப்புப் பட்டியல். உங்களுக்கும் நான் சொல்கிற முதல் வேலை இதுதான். அந்தப் பட்டியலை மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள்.

எங்கள் முதல் வாரப் பட்டியலில் 'கொலுசு காணோம்' என்று ஒரு வரி இருந்தது. மாடல் தேடுகிற பெட்டியில் யாரோ அடித்திருக்கிறார்கள். அதற்கு உதவிப் பக்கம் எதுவும் நாங்கள் எழுதவில்லை. இப்போது அப்படி அடித்தால் 'கொலுசைக் கண்ணுக்கு முன்னால் கொண்டு வா' என்று ஒரு பொத்தான் வரும். அழுத்தினால் கொக்கி மேலே, சலங்கை கீழே, நடுவில் வந்து நிற்கும்.