யானையும் புரோகுளோரோகாக்கஸும்: கேளுங்க, சொல்றேன்

கடல் நுண்ணுயிர் பாடம் எடுக்கிறவ நான். ஆப்பிரிக்க யானையையும் புரோகுளோரோகாக்கஸ்ங்கிற கடல் பாக்டீரியாவையும் ஒப்பிட்டு நேத்து கொஞ்சம் சொல்லியிருந்தேன், அதுக்கு வந்த கேள்விங்க இது.

கேள்வி: அக்கா, அந்த பாக்டீரியா எவ்ளோ சின்னது?

பதில்: சுமார் 0.6 மைக்ரோமீட்டர்மா. 3 மீட்டர் உயர யானை பக்கத்துல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா 50 லட்சம் செல் வேணும். எடைக்கு எடை போட்டா, 6 டன் யானைக்கு ஈடா 5 எழுதி பின்னாடி 19 சைபர் போடணும். ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்புல நீல வெளிச்சம் அடிச்சுப் பாத்தா மங்கலா ஒரு செவப்புப் புள்ளி தெரியும், அதோட பச்சையம் விடுற ஒளி அது, மொத தடவ பாத்தப்ப கண்ணை எடுக்கவே மனசு வரல எனக்கு.

கேள்வி: இத்துனூண்டு உயிரால என்ன ஆகப்போகுது மேடம்?

பதில்: அப்படிச் சொல்லாதீங்க சார். பூமியில நடக்குற ஒளிச்சேர்க்கையில ஏறக்குறைய பாதி கடல்லதான் நடக்குது, அதுல இதுக்குப் பெரிய பங்கு. உலகத்துல மொத்தம் 3 போட்டு 27 சைபர் செல் இருக்கும்னு மதிப்பிடுறாங்க, மேல சொன்ன கணக்கால வகுத்துப் பாத்தேன், 5 கோடி யானை எடைக்கு மேல வருது! உசுரோட இருக்குற ஆப்பிரிக்க யானை 4 லட்சம் சொச்சம்தான்.

கேள்வி: வாயில்ல, வயிறில்ல, எப்படி சாப்பிடும்?

பதில்: இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி. சின்னதா இருக்கறதே அதோட பலம். ஒரு கிராம் செல்லோட மேல்பரப்ப விரிச்சா 10 சதுர மீட்டர் வரும், ஒரு சின்ன ரூம் தரை அளவு, ஒரு முழு யானையோட தோலே 20, 30 சதுர மீட்டர்தான் இருக்கும்னா பாத்துக்கோங்க. அதனால சத்து ரொம்பக் கம்மியா இருக்குற நடுக்கடல்லகூட தண்ணியில கரைஞ்சிருக்கறதை மேல்பரப்பு வழியாவே உள்ள இழுத்துக்குது, யானைக்கு அது முடியாது, உடம்பு பெருசாக ஆக உள்பக்கத்துக்குத் தோல் பத்தாது, அதான் நுரையீரல், நீளமான குடல், நாளைக்கு 150 கிலோ தீனி எல்லாம். சூடு வெளிய போறதும் கஷ்டம். காது அவ்ளோ பெருசா இருக்கறதும் தோல் வெடிச்ச சேறு மாதிரி இருக்கறதும் அதுக்குத்தான், அந்த வெடிப்புல நிக்கிற தண்ணி மெதுவா காஞ்சு உடம்பைக் குளுத்தும்.

கேள்வி: எப்ப கண்டுபிடிச்சாங்க?

பதில்: 1980கள்ல, சாலி சிஷோம், ராபர்ட் ஓல்சன்ங்கிற கடல் விஞ்ஞானிங்க. 1988ல கட்டுரை வந்துச்சு. கடல் தண்ணியில இருக்குற செல்லை ஒளி அடிச்சு எண்ணுற மெஷின்ல வந்த சிக்னலை முதல்ல வெறும் இரைச்சல்னுதான் நினைச்சாங்களாம்.

கேள்வி: அக்கா, யானை 22 மாசம் சுமக்குதே, இது?

பதில்: நல்ல சூழ்நிலைல நாளைக்கு ஒரு தடவ ரெண்டாப் பிரியும் தம்பி. ஆனா கடல் நிரம்பி வழியாது, ஏன்னா வைரஸும் இதைத் தின்னுற ஒருசெல் உயிரிகளும் கிட்டத்தட்ட பிறக்குற வேகத்துலயே காலி பண்ணிடுதுங்க.