மளிகைச் செலவை எட்டாயிரத்துக்குள் அடக்க முடியுமா?

கேள்வி: கோவை சிங்காநல்லூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு 27 வயது. கணவர் பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறார், கைக்கு 42,000 வருகிறது. நான் வீட்டில் துணி தைப்பதில் மாதம் நாலாயிரம் கிடைக்கும். மகனுக்கு நான்கு வயது, எல்.கே.ஜி. போகிறான். மகளுக்குப் பத்து மாதம். பிரசவ நேரத்தில் வாங்கிய பர்சனல் லோனுக்குத் தவணை 7,800, பைக்குக்கு 3,200. கிரெடிட் கார்டில் 85,000 பாக்கி. மாதம் 4,500 கட்டுகிறோம், குறையவே மாட்டேன் என்கிறது. வாடகை 9,000. கரண்ட், கேஸ், போன் எல்லாம் 2,800. பெட்ரோல் 2,500. பள்ளிக் கட்டணத்துக்கு மாதம் 2,000 எடுத்து வைக்கிறோம். மளிகைக்கும் சாப்பாட்டுக்கும் 17,000 ஆகிறது. "இந்த மளிகைச் செலவுதான் நம்மைக் கடனாளி ஆக்குகிறது, எட்டாயிரத்துக்குள் முடி" என்கிறார் கணவர். முடியுமா? என்னிடம் நான்கு பவுன் நகை இருக்கிறது. இன்னொன்று, அடுத்த மாதம் பையனுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டலாமா, இந்த வருடம் வேண்டாமா?

பதில்: எட்டாயிரம் முடியாது. முயன்று பார்க்கவும் வேண்டாம். ஆனால் பதினேழாயிரமும் தேவையில்லை.

நீங்கள் அனுப்பிய மூன்று மாத ரசீதுகளையும் ஆப் ஆர்டர்களையும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா என்ற மளிகைச் சாமான் சராசரியாக 5,200 ரூபாய்தான். பால், தயிர் 2,100. காய்கறி, பழம், கீரை 2,400. முட்டை, கறி, மீன் 2,000. ஆக, அடுப்பில் ஏறுகிற சாப்பாட்டுக்கு 11,700. மீதி 5,300 எங்கே? சோப்பு, ஷாம்பூ, டயபருக்கு 2,300. ஓட்டல் பார்சலுக்கு 1,100. பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடும் ஆப்களில் 1,900. இந்தக் கடைசித் தொகையைக் கொஞ்சம் கிளறினேன். தோசை மாவு பாக்கெட், சிப்ஸ், ஐஸ்கிரீம், ஒரு கட்டு கொத்தமல்லி, அதற்கு டெலிவரி கட்டணம், அப்புறம் 'இன்னும் 60 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்' என்றதால் சேர்த்த இரண்டு சாக்லேட். உங்கள் வீட்டுக்காரர் 'மளிகை' என்று ஒரே சொல்லில் திட்டுவது இது அத்தனையையும் சேர்த்துத்தான்.

வரவு 46,000. நீங்கள் எழுதிய செலவுகளைக் கூட்டினால் 48,800. மாதாமாதம் 2,800 துண்டு விழுகிறது. அந்தத் துண்டைத்தான் கார்டு போர்த்திவிடுகிறது. உங்கள் ஸ்டேட்மென்ட்டில் வட்டி மாதம் 3.6 சதவீதம் என்று இருக்கிறது. 85,000-க்கு வட்டி 3,060, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 550. நீங்கள் கட்டுகிற 4,500-ல் மூவாயிரத்து அறுநூறு இதற்கே போய்விடுகிறது. அசலில் தொள்ளாயிரம் குறைகிறது, புதிதாக 2,800 ஏறுகிறது. குறையவே மாட்டேன் என்கிறது என்று எழுதினீர்களே, உண்மையில் அது வளர்ந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கார்டில் வாங்கினால் நாற்பது, நாற்பத்தைந்து நாள் வட்டி கிடையாது என்கிறார்களே, அது போன மாத பில்லை முழுதாகக் கட்டியவர்களுக்கு மட்டும்தான். பழைய பாக்கியை வைத்துக்கொண்டு புதிதாக எதை வாங்கினாலும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அந்தக் கொத்தமல்லிக் கட்டுக்கும் ஓடும். ஆகவே முதல் வேலை, சாப்பாட்டுச் சாமான் எதையும் இனி கார்டில் வாங்கக் கூடாது. ஆப்களில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணை இன்று ராத்திரியே அழித்துவிடுங்கள்.

சரி, எவ்வளவுதான் வைப்பது? 13,000 வையுங்கள். நாலாயிரம் குறைகிறது. துண்டு அடைபட்டு, கையில் 1,200 நிற்கும்.

இதை மொத்தமாக எடுத்து வைத்தால் இருபதாம் தேதி காலியாகிவிடும். இரண்டாகப் பிரிக்க வேண்டும். சம்பளம் வந்ததும் மாதச் சாமானுக்கு 8,100. அதில் மளிகை 4,500, பால் 2,100, சோப்பு டயபர் 1,500. மீதி 4,900 காய், பழம், முட்டை, கறி, பையனின் தின்பண்டம், எப்போதாவது ஒரு பார்சல் எல்லாவற்றுக்கும். இதை வாரத்துக்கு 1,100 என்று நான்கு வாரத்துக்குப் பிரித்து, 500-ஐத் தனியாக வையுங்கள். மாதத்துக்கு நான்கு வாரம் என்று நாம் கணக்குப் போட்டுவிடுகிறோம், ஆனால் 29, 30, 31 என்று மூன்று நாள் தொங்கும். அந்த நாட்களில்தான் ஊரிலிருந்து மாமனாரும் வந்து நிற்பார். அதற்குத்தான் இந்த 500.

உங்கள் வீட்டுக்காரர் சொன்ன எட்டாயிரம், பார்த்தீர்களா, மாதம் பிறந்த முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும். அவரிடம் வாதாடாமல் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

வாரப் பணம் ரொக்கமாக இருப்பது நல்லது. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது பணம் போவது கண்ணுக்குத் தெரிவதில்லை. ரொக்கம் சரிப்படாது என்றால், சும்மா கிடக்கும் உங்கள் சேமிப்புக் கணக்கு ஒன்றில் வெள்ளிக்கிழமை தோறும் 1,100 மட்டும் போட்டு, போனில் அந்தக் கணக்கை மட்டும் இணைத்து வையுங்கள். செவ்வாயன்று தீர்ந்துவிட்டால் வெள்ளி வரை இருப்பதைச் சமைப்பது. முதல் இரண்டு வாரம் கண்டிப்பாகத் தீரும். கவலைப்பட வேண்டாம்.

எதில் குறைப்பது என்பதைவிட எதில் கை வைக்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலிலும் முட்டையிலும் வேண்டாம். கல்யாணமான புதிதில், கடன் இருந்த காலத்தில், நானும் என் வீட்டில் பாலைப் பாதியாக்கினேன், ஞாயிற்றுக்கிழமைக் கறியை நிறுத்தினேன். ஏழு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினோம். எட்டாவது ஞாயிறு குடும்பத்தோடு பிரியாணிக் கடைக்குப் போய், மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதியை அங்கேயே வைத்துவிட்டு வந்தோம். அதனால் உங்களுக்கு கறி, மீனில் 300 மட்டும் குறைத்திருக்கிறேன். வாரா வாரம் கறி என்பதை ஒரு வாரம் கறி, ஒரு வாரம் முட்டைக் குழம்பு என்று மாற்றினால் அது தானாக வந்துவிடும்.

டயபரில் 800 குறையும். பகலில் துணி, ராத்திரிக்கும் வெளியே போகும்போதும் டயபர். துவைக்கிற வேலை கூடும், மறுக்கவில்லை. தைக்கிற வேலையும் பார்த்துக்கொண்டு இதையும் நீங்களே செய்ய வேண்டாம். கடன் இரண்டு பேருடையது, துவைப்பதும் இரண்டு பேருடையதாக இருக்கட்டும்.

மளிகையில் 700. உங்கள் ரசீதில் மாதம் இரண்டு டப்பா குழந்தை உணவு இருக்கிறது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் சத்துமாவு இலவசமாகத் தருகிறார்கள். பக்கத்து அங்கன்வாடியில் மகளின் பெயரைப் பதிந்துவிடுங்கள். அங்கே எடையும் பார்த்துச் சொல்வார்கள். அரிசியை ஐந்து கிலோ பாக்கெட்டாக வாங்குவதை நிறுத்தி, 26 கிலோ மூட்டையாக வாங்குங்கள். உங்கள் வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு மேல் வரும். அதென்ன 26 கிலோ என்று யோசித்திருப்பீர்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத வரி வந்தது. மில்காரர்கள் ஒரு கிலோ கூடப் போட்டுக் கட்டிவிட்டார்கள்.

காய்க்கு உங்கள் ஊரிலேயே உழவர் சந்தை இருக்கிறது. சனிக்கிழமை காலையில் ஒரு நடை போனால் போதும். விலைப் பலகையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், பட்டியலை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போகாதீர்கள். இது எல்லோரும் சொல்வதற்கு நேர்மாறு என்று தெரியும். மளிகைக்குப் பட்டியல் வேண்டும், காய்க்குக் கூடாது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது பட்டியலோடு போனவர்கள் தக்காளியை வாங்கினார்கள். பலகையைப் பார்த்தவர்கள் புளிக்குழம்பும் மோர்க்குழம்பும் வைத்துச் சமாளித்தார்கள்.

ரேஷனைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. விசாரித்ததில், உங்கள் பெயர் இன்னும் கரூரில் அம்மா வீட்டு அட்டையிலும், கணவர் பெயர் அவருடைய பெற்றோர் அட்டையிலும் இருப்பதாகச் சொன்னீர்கள். தனியாகச் சமைத்துச் சாப்பிடும் குடும்பத்துக்குத் தனி அட்டை கிடைக்கும். இரண்டு அட்டைகளிலும் பெயர் நீக்கிவிட்டு, இ-சேவை மையத்தில் புது அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ஆதார், கல்யாணப் பதிவுச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், கேஸ் இணைப்பு விவரம், முகவரிக்கு ஆதாரம் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். அட்டை வகையைக் கேட்கும்போது அரிசி அட்டை என்றே போடச் சொல்லுங்கள். அவசரத்தில் சர்க்கரை அட்டை என்று போட்டுவிட்டால் பிறகு மாற்ற அலைய வேண்டும்.

அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. 'அந்த அரிசியை யார் சாப்பிடுவது' என்று உங்கள் வீட்டிலும் ஒரு குரல் எழும். சோறு வடிக்கப் பிடிக்காவிட்டால் போகட்டும், இட்லி மாவுக்கு அந்தப் புழுங்கலரிசி நன்றாகவே இருக்கும். உளுந்து மட்டும் நல்லதாக வாங்குங்கள். வாரம் ஒருமுறை அரைத்துவிட்டால் மாவு பாக்கெட் ஆர்டர் தானாக நிற்கும். என் கணக்கில் ரேஷனால் மாதம் 600 ரூபாய் குறையும். அட்டை கைக்கு வரும் வரை இதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வந்த பிறகு அந்த 600-ஐ உங்கள் சிறுவாட்டில் போட்டுக்கொள்ளுங்கள். ஆமாம், கடனுக்கு இல்லை, உங்களுக்குத்தான். திடீரென்று குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மறுபடி கார்டைத் தேடாமல் இருக்க வீட்டில் கொஞ்சம் காசு வேண்டும்.

நகை விஷயம். அடகு வைப்பதென்றால் நம் வீடுகளில் முகம் சுருங்கிவிடும். ஆனால் கார்டு பாக்கிக்கு நீங்கள் வருடத்துக்கு 43,000 ரூபாய் வட்டியும் வரியும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதே 85,000-ஐ வங்கியில் நகைக்கடனாக, பத்து சதவீத வட்டியில் வாங்கினால் வருடத்துக்கு 8,500. இன்றைய விலைக்கு நான்கு பவுனில் பாதி வைத்தாலே போதும். கார்டை ஒரே தடவையில் அடைத்துவிட்டு, மாதம் 4,500-உடன் மிச்சமாகும் 1,200-ஐயும் சேர்த்து 5,700 கட்டினால் பதினாறு மாதத்தில் நகை வீட்டுக்கு வரும். இதே 5,700-ஐக் கார்டிலேயே கட்டிக்கொண்டிருந்தால் இரண்டு வருடம் ஆகும். இடையிடையே அசல் கட்ட அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு நகையை வையுங்கள். அடைத்த அன்றே கார்டை ரத்து செய்யுங்கள். அதற்குக் கணவர் சம்மதிக்கவில்லை என்றால் நகையைத் தொட வேண்டாம். நகையும் அடகில், கார்டிலும் மறுபடி எண்பதாயிரம் என்று வந்து நின்றவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

அவரிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் அனுப்பிய கணக்கில் அவருடைய டீ, வடை, பெட்டிக்கடை எதுவுமே இல்லை. தினம் ஐம்பது ரூபாய் என்றாலும் வேலை நாட்கள் 26-க்கு 1,300. அது எங்கிருந்து போகிறது? குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. உங்கள் ரசீதுகளை மூன்று மாதம் பார்த்த மாதிரி, அவருடையதையும் ஒரு மாதம் எழுதிப் பார்க்க வேண்டும். அது தெரிந்தால்தான் அந்த 1,200 உண்மையிலேயே மிச்சமாகிறதா என்று சொல்ல முடியும்.

கேக் வெட்டுங்கள். தனியாக வைக்கச் சொன்ன அந்த 500-ல் அரைக் கிலோ கேக் அடங்கும். அந்த மாதம் மட்டும் மாமனாரைக் கொஞ்சம் தள்ளி வரச் சொல்லுங்கள்.