தினமும் ஓட்டும் காரையே ரேஸ் டிராக்கிலும் ஓட்டுகிறேன். இரண்டுக்கும் ஒரே பிரேக் பேட் போதுமா?

கேட்டவரின் நிலைமை இது: வேலைக்குப் போய்வருவதும் இந்தக் காரில்தான், அவ்வப்போது டிராக்குக்குப் போவதும் இதே காரில்தான். டிராக்கில் நாலைந்து சுற்று போவதற்குள் பிரேக் பிடிப்பு குறைந்துவிடுகிறது. ரேஸ் பேட் போட்டு அதையே சாலையிலும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். வேகம் கூடக் கூட, சாலைக்கு ஒரு செட், டிராக்குக்கு ஒரு செட் என்று வைத்துக்கொள்வதுதான் வழி. ஆனால் இன்றே அந்த இடத்துக்குப் போக வேண்டியதில்லை. முதலில் பிரேக் ஆயில், அடுத்து ஒரு நல்ல நடுத்தர பேட், அதுவும் தாங்கவில்லை என்றால் இரண்டு செட்.

பேட் மாற்றினால் கார் குறைந்த தூரத்தில் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கம்பெனி பேடிலேயே ஓங்கி மிதித்தால் ஏபிஎஸ் (சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) வேலை செய்கிறது அல்லவா? அப்படியென்றால் அந்த பேட் டயரின் பிடிப்பு முழுவதையும் பயன்படுத்திவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் எந்த பேட் போட்டாலும் ஒற்றை மிதியில் நிற்கும் தூரம் பெரிதாகக் குறையாது. கால் அழுத்த வேண்டிய பலம்தான் குறையும். நிற்கும் தூரம்தான் கவலை என்றால் காசை டயரில் போடுங்கள். பேட் மாற்றுவது பத்தாவது மிதியும் முதல் மிதி மாதிரியே இருக்க வேண்டும் என்பதற்காக.

பத்தாவது மிதி ஏன் மாறுகிறது? வெப்பம்தான். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 1400 கிலோ கார் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நிற்க, பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 540 கிலோ ஜூல். அதே கார் டிராக்கின் நேர்ப்பாதை முடிவில் 200-லிருந்து 100-க்குக் குறைந்தால் சுமார் 1600 கிலோ ஜூல். இரண்டிலும் குறைவது 100 கிலோமீட்டர்தான். வெப்பம் மட்டும் மூன்று மடங்கு. இதில் எழுபது சதவீதத்தை முன் பிரேக் ஏற்கிறது, ஒரு முன் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு, இதைத்தான் பேட் அழுத்திப் பிடிக்கிறது) 8 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரே மிதியில் அந்த டிஸ்க் கிட்டத்தட்ட 140 டிகிரி சூடேறும். சாலையில் அப்படி ஒரு மிதிக்குப் பிறகு ஆற நேரம் கிடைக்கும். டிராக்கில் அடுத்த வளைவு சில விநாடிகளில் வந்துவிடும். ஆறுவதற்குள் அடுத்த சூடு ஏறுவதால் 500, 600 டிகிரியைத் தொடுவது அங்கே சாதாரணம்.

இனி கேள்வியில் உள்ள "பிடிப்பு குறைகிறது" என்பதற்கு வருவோம். இதில் இரண்டு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன, மருந்தும் வெவ்வேறு. எது என்று காலே சொல்லிவிடும். பெடல் வழக்கமான உயரத்தில், கல் மாதிரி உறுதியாக இருக்கிறது, ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் கார் வழுக்கிக்கொண்டே போகிறது என்றால் பேட் கைவிட்டுவிட்டது. பேடின் துகள்களைப் பிடித்து வைத்திருப்பது ஒரு வகைப் பிசின். அளவுக்கு மீறிச் சூடானால் அது சிதைந்து வாயுவாக வெளியேறும். பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே உராய்வு குறைந்துவிடும். கருகிய நாற்றம் காருக்குள்ளேயே வரும்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரைவரை போகிறது, இரண்டு மூன்று தடவை வேகமாக மிதித்தால் கொஞ்சம் மேலே வருகிறது என்றால் குற்றவாளி பேட் அல்ல, பிரேக் ஆயில். காலிப்பருக்குள் (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) இருக்கும் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகியிருக்கின்றன. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் உங்கள் காலின் பலம் குமிழை நசுக்குவதிலேயே போய்விடுகிறது. எனக்கு இரண்டில் இதுதான் அதிக பயம். பேட் சூடேறினால் பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகி எச்சரிக்கும். ஆயில் ஒரு வளைவில் நன்றாக இருந்து அடுத்த வளைவில் இல்லாமல் போகும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தர வகை ஆயிலுக்குத் தரவிதி கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் 155 டிகிரிதான். டாட் 5.1 என்றால் 260, 180. ரேஸுக்கென்று வரும் ஆயில்கள் புதிதாக இருக்கும்போது 300-ஐத் தாண்டும். வருடக்கணக்கில் மாற்றாத ஆயிலோடு டிராக்குக்குப் போய்விட்டு பேடைக் குறை சொல்பவர்கள் ஏராளம். டிராக்குக்குப் போகும் முன் பழைய ஆயிலை முழுதாக வெளியேற்றிப் புதிதாக ஊற்றி, நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுத்துவிடுங்கள். பெயர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று டாட் 5-ஐ ஊற்றிவிடாதீர்கள்; அது சிலிக்கோன், மற்றவற்றோடு கலக்காது, ஏபிஎஸ் உள்ள கார்களுக்கும் ஆகாது.

சரி, பேடுக்கு வருவோம். பெட்டி மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் அதிகபட்ச வெப்பநிலையைப் பார்த்து மயங்காதீர்கள். எந்த வெப்பநிலையில் எவ்வளவு உராய்வு என்று தயாரிப்பாளர் ஒரு கோட்டுப்படம் கொடுத்திருந்தால் அதைத் தேடிப் பாருங்கள். கோடு மேடு பள்ளமில்லாமல் போகிறதா என்பதே முக்கியம். உராய்வு எண் ஆறிய நிலையில் 0.35, சூடானதும் 0.55 என்று எகிறும் பேடைவிட, முழுக்க 0.42-லேயே நிற்கும் பேட் ஓட்ட இனிமையானது. ஒரே அழுத்தத்துக்கு ஒரே பதில் கிடைக்கும். சில பேட்களின் பின்பக்கத் தகட்டில் எஃப்எஃப், ஜிஜி என்று இரண்டு எழுத்து இருக்கும். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வு, இரண்டாவது சூடான பிறகு. இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. ஆனால் அந்தச் சோதனை 350 டிகிரிக்குள் முடிந்துவிடுகிறது. சாலைக்கு உதவும், டிராக்கில் என்ன ஆகும் என்று அது சொல்லாது.

ரேஸ் பேடை ஏன் சாலையில் வைக்கக் கூடாது? ஆறியிருக்கும்போது அது பிடிக்கவே பிடிக்காது என்று சொல்வார்கள். இன்றைய பல ரேஸ் பேட்களுக்கு அது அப்படியே பொருந்தாது; கார் நின்றுவிடும். ஆனால் காலையில் ஈரமான டிஸ்க்கோடு முதல் மிதி எப்படி இருக்கும் என்பதில் நம்பிக்கை வைக்க முடியாது. சாலையில் குறுக்கே ஓடி வரும் குழந்தை, பேட் சூடாகும்வரை காத்திருக்காது. தவிர, அந்தப் பேட்கள் ஆறிய நிலையில் டிஸ்க்கை அரம் போட்டதுபோல் தேய்த்துவிடும். ஒவ்வொரு சிக்னலிலும் கீச்சென்று கத்தும். தூசியில் இரும்புத்தூள் அதிகம். மழை பட்டால் அலாய் வீல் முழுக்கத் துருப்புள்ளி ஒட்டிக்கொள்ளும், தேய்த்தாலும் போகாது.

நடுத்தரம் என்று நான் சொன்னது ஃபெரோடோ டிஎஸ் 2500, ஹாக் எச்பி பிளஸ் போன்றவற்றை. தினசரி ஓட்டத்துக்கும் சரிப்படும், இடைவெளி விட்டு ஓட்டும் டிராக் நாளுக்கும் ஓரளவு தாங்கும். எச்பி பிளஸில் சத்தமும் தூசியும் கூடவே வரும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். எடை குறைந்த கார், சாதாரண சாலை டயர், புதிதாகக் கற்றுக்கொள்ளும் ஓட்டுநர் என்றால் இந்த ரகம் வெகுநாள் போதும். கனமான கார், அதிக குதிரைத்திறன், ஒட்டும் டயர் என்று போனால் இதுவும் தோற்றுவிடும். ஒட்டும் டயர் போட்டவுடன் பிரேக்குக்கும் வேலை கூடுகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பிடிப்பு கூடினால் இன்னும் தாமதமாக, இன்னும் ஓங்கி மிதிப்பீர்கள், அவ்வளவு வெப்பமும் பேட் தலையில்தான் விழும். அந்தக் கட்டத்தில் பஜிட் ஆர்எஸ் 29 மாதிரியான முழு டிராக் பேட் வாங்கித் தனி செட்டாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முன்னும் பின்னும் ஒரே குடும்பத்து பேட் போடுங்கள். பின்னால் மட்டும் கடுமையான பேட் போடுவது ஆபத்து. ஓங்கி மிதிக்கும்போது பின்சக்கரம் முதலில் பிடித்துக் கார் சுற்றிவிடலாம். இன்னொன்று, இஎஸ்பி (கார் சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) இயக்கத்தில் இருக்கும்போது அது பின் பிரேக்கைத் தானாகவே அடிக்கடி பிடிக்கும். பின் பேட் வழக்கத்தைவிட வேகமாகத் தேய்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

புது பேடை மாட்டியவுடன் டிராக்கில் இறங்காதீர்கள், அது செட் ஆக வேண்டும். பேடின் மெல்லிய படலம் ஒன்று, கரும்பலகையில் சாக்பீஸ் ஒட்டுவது போல, டிஸ்க் முழுக்கச் சீராக ஒட்டினால்தான் பிடிப்பு வரும். 100-லிருந்து 20 வரை உறுதியாகக் குறைத்து, உடனே மறுபடி வேகமெடுத்து, இப்படிப் பல தடவை; பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுவது. தயாரிப்பாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். கொதிக்கும் பிரேக்கோடு பெடலை அழுத்திப் பிடித்தபடி நிற்கக் கூடாது. அந்த இடத்தில் மட்டும் படலம் தடிமனாக ஒட்டி, அப்புறம் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் உதறும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று கழற்றி எறியப்படும் டிஸ்க்குகளில் பல உண்மையில் வளைந்தவையே அல்ல. இதே காரணத்துக்காக, டிராக்கிலிருந்து உள்ளே வரும்முன் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள், நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விடுங்கள்.

ஓட்டி முடித்து ஆறியதும் பேடைக் கழற்றிப் பாருங்கள், பெட்டியில் எழுதியிருப்பதைவிட அது அதிகம் சொல்லும். ஓரம் வெளுத்துச் சாம்பல் நிறமாகிப் பொடிப்பொடியாக உதிர்கிறதா? பின் தகட்டின் பெயின்ட் கருகி உரிந்திருக்கிறதா? மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அந்த பேட் அதன் எல்லையைத் தாண்டிவிட்டது. ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் தேய்ந்திருந்தால் காலிப்பர் நகரும் கம்பிகளை (ஸ்லைடு பின்) கழற்றி, துடைத்து, கிரீஸ் போடுங்கள். பாதிக்குக் கீழே தேய்ந்த பேடோடு டிராக்கில் இறங்க மாட்டேன்; சாலைக்கு அது இன்னும் நல்ல பேட்தான், ஆனால் மெலிய மெலிய டிஸ்க்கின் சூடு பிஸ்டன் வழியாக ஆயிலுக்கு எளிதாகப் போய்விடும்.

இரண்டு செட் வைத்துக்கொண்டால் மாற்றுவது பெரிய வேலை இல்லை. பல கார்களில் ஒரு போல்ட்டைக் கழற்றினால் காலிப்பர் மேலே திரும்பிவிடும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே டப்பாவில் ஆயில் பொங்கி வழியும். பெயின்ட்டில் பட்டால் அரித்துவிடும், துணி சுற்றி வையுங்கள். மாட்டி முடித்ததும், காரை ஓர் அங்குலம் நகர்த்தும் முன்பே, பெடல் உறுதியாகும்வரை மிதியுங்கள். தள்ளிய பிஸ்டன் டிஸ்க்கிலிருந்து விலகி நிற்பதால் முதல் ஒன்றிரண்டு மிதிக்குப் பிரேக்கே இருக்காது. அதே நிறுவனத்தின் சாலை ரகத்தையும் டிராக் ரகத்தையும் சேர்த்து வாங்கினால் படலங்கள் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செட் செய்ய வேண்டும்.

கழற்றிய சாலை பேடை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். டிராக்கில் நாள் முடியும்போது பேட் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்துபோயிருந்தால், அதே காரை ஓட்டிக்கொண்டுதானே வீடு திரும்ப வேண்டும்.