மகள் சுரங்கம் படிக்கப் போகிறாளாம்: வலிகாமத்துத் தகப்பன் ஒருவருக்கு

அண்ணை, நீங்கள் இரண்டு விஷயம் கேட்டிருந்தீர்கள். உயர்தரக் கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை எப்பாவல பொஸ்பேற் சுரங்கத்தில்தான் வேலை செய்வேன் என்று நிற்கிறாள், விடலாமா என்பது ஒன்று. நாட்டிலேயே இவ்வளவு பொஸ்பேற் கிடக்க, வெங்காயத்துக்குப் போடுகிற ரிஎஸ்பி (ட்ரிபிள் சுப்பர் பொஸ்பேற்) பசளை ஏன் கப்பலில் வருகிறது என்பது மற்றது. இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். மகள் என்ன படிக்க வேண்டும் என்பதும் அதற்குள்தான் இருக்கிறது.

யாழ்தேவி அனுராதபுரம் தாண்டித் தலாவவால் போகிறதல்லவா, அதற்குத் தென்கிழக்கே இருக்கிறது எப்பாவல. 1971இல் அந்தப் படிவைக் கண்டுபிடித்தார்கள். சுமார் 6 கோடி தொன் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அங்கே நடப்பது திறந்தவெளி அகழ்வு. பெண்பிள்ளை இருட்டுக் குழிக்குள் இறங்குவாளோ என்ற பயத்தை முதலில் விடுங்கள். தூசு உண்டு, அதை மறைக்க மாட்டேன். லங்கா பொஸ்பேற் என்ற அரச கம்பனி கல்லை வெட்டி, மாவாக அரைத்து விற்கிறது. அந்த மா பெரும்பாலும் தேயிலைக்கும் இறப்பருக்கும் தென்னைக்கும் போகிறது.

உங்கள் வெங்காயத்துக்கு ஏன் வருவதில்லை? கரையாது, அதுதான் காரணம். எப்பாவலக் கல்லில் உள்ள அப்பற்றைற்று என்ற பொஸ்பேற் கனிமம் லேசில் தண்ணீரோடு சேராது. மலைநாட்டுத் தேயிலை மண் அமில மண் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொடுக்கும். தேயிலையும் வருடக்கணக்கில் நிற்கிற பயிர், அதற்கு அவசரமில்லை. நமது செம்மண் கிடப்பதோ சுண்ணக்கல்லின் மேல். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலில் வெள்ளை படிகிற ஊர் இது. இந்த மண்ணில் அந்த மாவைக் கொட்டினால் வெங்காயம் கிண்டுகிற நாள் வரைக்கும் பெரும்பகுதி அப்படியேதான் கிடக்கும்.

ஆகவே கல்லைக் கரைகிற பசளையாக மாற்ற வேண்டும். அரைத்த கல்லோடு சல்பூரிக் அமிலம் சேர்த்தால் சிங்கிள் சுப்பர் பொஸ்பேற் வரும். பொஸ்போரிக் அமிலம் சேர்த்தால் உங்கள் ரிஎஸ்பி. உயர்தர இரசாயனம் படித்த பிள்ளைக்கு இந்தச் சமன்பாடு எழுத ஐந்து நிமிடம் போதும். தொழிற்சாலையாகப் போடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சல்பூரிக் அமிலத்துக்குக் கந்தகம் வேண்டும், இலங்கையில் கந்தகப் படிவு இல்லை. ரிஎஸ்பிக்கு வேண்டிய பொஸ்போரிக் அமிலத்தைக் கல்லிலிருந்தே எடுக்கலாம். ஆனால் ஒரு தொன் பொஸ்பரசு ஐந்தொட்சைட்டு (பொஸ்பேற்றை அளக்கிற கணக்கு அது) எடுக்க, ஏறக்குறைய 5 தொன் ஜிப்சம் கழிவாக மிஞ்சும். அதைக் கொட்டுவது எங்கே? கல்லில் உள்ள புளோரின் வாயுவாக வெளியேறும், குளோரின் இயந்திரங்களை அரிக்கும். உலக இருப்பில் ஏறக்குறைய எழுபது வீதத்தை வைத்திருக்கிற மொரோக்கோவோடு விலையிலும் போட்டி போட வேண்டும்.

சட்டப் பக்கமும் இருக்கிறது. 1990களில் அமெரிக்கக் கம்பனி ஒன்றோடு அரசு பெரிய அகழ்வுக்கு ஒப்பந்தம் செய்யப் போனபோது, எப்பாவல விவசாயிகளும் விகாரைப் பிக்கு ஒருவரும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பழைய குளங்களும் ஜய கங்கை வாய்க்காலும் ஊர்களும் உள்ள இடம் அது. முழுமையான ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் முடியாமல் எந்த ஒப்பந்தமும் கூடாது என்று 2000இல் தீர்ப்பு வந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துக்காக வெட்டிவிட்டுப் போன கிடங்குகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த விவசாயிகளின் பயம் விளங்கும். ஒப்பந்தத்தை எதிர்த்தவர்கள் செய்தது சரி என்பதுதான் என் கருத்து. 2021இல் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது பட்ட பாடும் உங்களுக்கு மறந்திருக்காது. இறக்குமதியையே நம்பியிருக்கவும் முடியாது, கண்ணை மூடிக்கொண்டு தோண்டவும் முடியாது.

சரி, இப்போது மகளின் விஷயம். எப்பாவலவில் ஆள் தட்டுப்பாடு கல்லை வெட்டுவதில் இல்லை. கரைய வைப்பதிலும், கழிவை அடக்குவதிலும், தோண்டிய நிலத்தைத் திருத்துவதிலும்தான் மூளை தேவை. அதனால் அவள் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முதலாவதாகப் போட வேண்டியது இரசாயன, செயன்முறைப் பொறியியலுக்குக் கொண்டு போகிற கற்கைநெறி என்பேன். மொறட்டுவையிலும் பேராதனையிலும் அந்தத் துறை இருக்கிறது. முதல் வருடப் பெறுபேற்றை வைத்துத்தான் துறை பிரிப்பார்கள், ஆகவே இடம் கிடைத்துவிட்டது என்று அங்கே போய்ச் சளைக்கக் கூடாது. கிளிநொச்சியிலுள்ள நமது பொறியியல் பீடம் நல்லதுதான், வீட்டுக்கும் கிட்ட. ஆனால் இந்தத் துறை அங்கே இல்லை. பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் அதை முதலில் எழுத வேண்டாம்.

கல், பாறை, வரைபடம் என்றால்தான் அவளுக்கு உயிர் என்றால் மொறட்டுவையின் புவிவளப் பொறியியல், அல்லது பேராதனை விஞ்ஞான பீடத்தில் புவிச்சரிதவியல். அப்படிப் படித்தவர்கள் ஒரு சுரங்கத்தை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை. புல்மோட்டைக் கனிய மணல், காரீய (கிராபைற்று) சுரங்கங்கள், புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம், சுற்றாடல் மதிப்பீடு செய்கிற நிறுவனங்கள், நிலத்தடி நீர் வேலை எல்லாம் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி காணாவிட்டால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இரசாயனம் படிக்கலாம். காசு கட்டிப் படிக்க இயலுமென்றால் கொழும்புப் பக்கம் இலங்கை இரசாயனவியல் நிறுவகம் நடத்துகிற இரசாயனக் கற்கையும் உண்டு. வெட்டுப்புள்ளி வருடாவருடம் மாறும் என்பதால், போன வருடம் பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்த புள்ளியை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

எப்பாவலவில் பெரிய தொழிற்சாலை வரும் என்று நம்பி அவள் படிக்கக் கூடாது. வந்தால் நல்லது. வராவிட்டாலும் சீமெந்து, குடிநீர்ச் சுத்திகரிப்பு, பெயின்ற், மருந்து என்று எந்த ஆலைக்கும் செயன்முறைப் பொறியியலாளர் வேண்டும். வெளிநாட்டுக்கும் அந்தப் படிப்போடு போகலாம். ஒரு சுரங்கத்தின் பெயரை அவள் விரும்புகிறாளா, அதில் நடக்கிற வேலையை விரும்புகிறாளா என்று கேட்டுப் பாருங்கள். பதினெட்டு வயதில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

"சிங்கள இடத்தில் தனியே" என்று வீட்டில் அக்கா கவலைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அது நியாயமான கவலை, ஆனால் படிப்பை மாற்றுகிற அளவுக்கு இல்லை. ஆலையில் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதலாம். அரைக்கும் இயந்திரத்தில் நிற்கிற தொழிலாளியோடு ஆங்கிலம் பேச முடியாது. கம்பஸ் தொடங்கும்வரை மாதக்கணக்கில் வீட்டில்தானே இருக்கப் போகிறாள், அதற்குள் சிங்களம் பேசப் பழகட்டும்.

அப்புறம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை நீங்களும் ஒருமுறை வாசியுங்கள். மேலே எழுதிய விருப்பம் கிடைத்துவிட்டால் கீழே எழுதியவற்றைப் பார்க்கவே மாட்டார்கள். அந்த ஒழுங்கை அவளே எழுதட்டும். அனுப்புவதற்கு முதல் இருவருமாக ஒரு பின்னேரம் வந்து காட்டிவிட்டுப் போங்கள்.